எல்லோரும் அழ, என் மகள் சிரித்தாள்

போன வருடம் அரையாண்டு விடுமுறையில், தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. காது கேளாத குழந்தைகளைப் பற்றிய படம் ஒன்றை இலவசமாகத் திரையிட்டார்கள். நடித்த பிள்ளைகளும் நிஜமாகவே காது கேளாதவர்கள், அவர்களும் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொம்மிடியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவளுக்குப் பதினோரு வயது. பிறவியிலேயே காது கேட்காது. சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் அவளிடம் கையால் பேசுவதெல்லாம் சோறு, தண்ணீர், தூக்கம், வலி, அதுவும் நாங்களாகப் பழகிக்கொண்ட சைகையில், அவ்வளவுதான்.

படத்தில் ஒரு கட்டம். தாய் சாகக் கிடக்கிறாள். சிறுமி கட்டிலருகே நின்று, கண்ணீர் வழிய, கைகளால் பேசுகிறாள். 'அம்மா, என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதே' என்று திரையின் கீழே எழுத்து ஓடியது. மண்டபமே மூக்கை உறிஞ்சியது. நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து என் மகள் கெக்கெக்கென்று சிரித்தாள். தான் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தொடையைத் தட்டிப் பார்த்தேன், அடங்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு தாய் சாவதைப் பார்த்து என் பிள்ளைக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது? விடுதியில் விட்டதில் என்மேல் பாசமே அற்றுப்போய்விட்டதா?

படம் முடிந்ததும் மேடையோரம் நின்ற, படத்தில் அழுத அந்தச் சிறுமியிடம் மகள் ஓடினாள். இருவர் கைகளும் படபடத்தன. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகளோடு வந்திருந்த, சைகை மொழி தெரிந்த டீச்சரிடம் போனேன்.

"ஏங்க டீச்சர், எம் பொண்ணு எதுக்குங்க அப்பிடிச் சிரிச்சா?"

டீச்சருக்கும் சிரிப்பு. "அந்தக் கட்டத்துல இந்தப் புள்ள, 'பசிக்குது, சோறு எப்பப் போடுவீங்க, டைரக்டர் மாமா தொப்ப மட்டும் ரொம்பியிருக்குது'ன்னு கையில சொல்லியிருக்குதுங்க. படம் எடுத்தவங்களுக்கே தெரியலைங்க. உங்க பொண்ணு கண்டுபுடிச்சுட்டா."

"அப்ப அந்த அழுகை பொய்யிங்களா?"

டீச்சர் கையால் கேட்டார். சிறுமியின் முகம் கொஞ்சம் மாறியது. "இல்லீங்களாம். அவங்கம்மாவப் பாத்து ரொம்ப நாளாச்சாம். அழுகையும் நெசந்தானாம், பசியும் நெசந்தானாம்."

என் மகள் அதைப் பார்த்துத் தலையாட்டினாள், தனக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி போல. பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் படம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் இன்றும் குழம்பிப்போகிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து என் மகள் பார்த்தது வேறு படம், அதைப் பார்க்கிற அளவுக்கு அவள் மொழி எனக்கு இன்னும் வரவில்லை.