கிணத்துக்கடவிலிருந்து வந்தவர்

அப்பாவுக்காகக் கூட்டம் தேடியபோது நான் முதலில் பார்த்தது தூரத்தைத்தான். குடியை விட நினைப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் இடங்கள் கோவையைச் சுற்றிப் பல இருந்தன. கிழமை, நேரம், தூரம், தெரிந்தவர்கள் இருக்க வாய்ப்பு என்று கட்டம் போட்டுப் பிரித்தேன். பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. எதையும் இப்படிப் பிரித்தால்தான் எனக்குப் புரியும்.

எங்கள் சோமனூரிலேயே ஒன்று இருந்தது, நடந்து போகும் தூரத்தில். பட்டியலிலிருந்து அதைத்தான் முதலில் அடித்தேன். அப்பா அங்கே விசைத்தறி ஓட்டுபவர். நூல் கொடுப்பவர்கள், துணி எடுப்பவர்கள், என்னைப் பெண் கேட்டு வரக்கூடியவர்கள் எல்லாரும் அந்தத் தெருக்களில்தான் நடக்கிறார்கள். "எத்தன தூரம்னாலும் பரவால்ல, தெரிஞ்ச மூஞ்சி இருக்கக் கூடாது" என்றாள் அம்மா. இனிக் குடித்தால் ஈரல் தாங்காது என்று மருத்துவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்.

கடைசியில் கிணத்துக்கடவைத் தேர்ந்தெடுத்தோம். ஞாயிறு காலை, உரக்கடைக்கு மேலே ஓர் அறை. குடும்பத்தாரும் உட்காரலாம். ஊர், தொழில் சொல்லக் கூடாது. அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. அப்பா தன் முறை வந்தபோது எழுந்து, கல்யாணத்துக்கு அழைப்பவர் போலக் கைகூப்பி, "நான் குடிகாரனுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த விதியெல்லாம் டீ வரும் வரைதான். எதிரே உட்கார்ந்தவரிடம் ஊர் கேட்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. குடியை விட்டுப் பல வருடமான தென்னந்தோப்புக்காரர் ஒருவர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, நமக்கு எந்தூருங்க?" என்றார். டீ ஆறுவதற்குள் அப்பா தன் ஊர், வீடு, பெண் எடுத்த இடம் எல்லாம் சொல்லிவிட்டார்.

"அப்படிப் பார்த்தா நீங்க எனக்கு மச்சான் முறை ஆகோணுமுங்க."

"அப்ப அந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வராமப் போயிராதீங்க" என்றார் அப்பா. அவர் யாரிடமும் சொல்லும் வார்த்தை அது. டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது.

அப்பா அழைத்தபடியே தோப்புக்காரர் ஒரு நாள் வந்தார், மனைவியோடு, காரில் ஒரு மூட்டைத் தேங்காயோடு. அன்று என்னைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா சிரித்தபடி கேட்டார்: "உங்களுக்குள்ள எப்படிங்க பழக்கம்?"

அப்பா தரையைப் பார்த்தார். தோப்புக்காரர் முந்திக்கொண்டு, "தேங்கா யாவாரத்துலங்க" என்றார்.

"தறிக்காரருக்குத் தேங்கா யாவாரமுங்களா? சொல்லவே இல்லீங்களே. இப்பக் காய் என்ன வெலைக்குப் போகுதுங்க?"

கேள்வி அப்பாவிடம். அம்மா எல்லாருக்கும் இன்னொரு முறை மிக்சர் வைத்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து பிறகு தகவல் வரவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். அப்பாவுக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு நான் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியபோது அவர் சட்டைகூடப் போடவில்லை. "வேண்டாங் கண்ணு. ஊரக் கூட்டிட்டு வந்து நானே நடு ஊட்டுல உக்கார வெச்சுப்போட்டேன்."

அந்த வாரமே குடித்தார். மழைக்காலம் முடிவதற்குள் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, மறுபடி ஆஸ்பத்திரி. தோப்புக்காரர் போனில் கேட்டார்: "அம்மணி, நான் வந்ததுதான் தப்பாப் போச்சுங்களா?"

"அப்பாதானுங்களே கூப்பிட்டாரு."

"ஆமாங்க. கூப்பிட்டா வராம இருக்க முடியுங்களா?" என்றார்.

வீடு திரும்பிய அப்பாவால் கிணத்துக்கடவு வரை காரில் உட்கார முடியாது. பட்டியலில் நான் முதலில் அடித்த சோமனூர்க் கூட்டம்தான் மிச்சம். "அங்க போறதும் ரோட்டுல நின்னு கத்தறதும் ஒண்ணுதான்" என்றார். அந்த வாரம் நான் மட்டும் போனேன். திரும்பி வந்தபோது கூடத்தில் காத்திருந்தார்.

"யாரெல்லாம் வந்திருந்தாங்க?"

"அதச் சொல்லக் கூடாதுங்கப்பா."

"எனக்குமா?"

"உங்களுக்குந்தானுங்க."

"நம்ம வீதியிலிருந்து யாராச்சும்?"

நான் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்தேன். மாத்திரையைக் கையிலேயே வைத்திருந்தார். "உங்கம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க."

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மறுவாரம் அவராகவே சட்டை போட்டு வாசலுக்கு வந்தார். வீங்கிய கால் செருப்பில் நுழையவில்லை. அம்மா பழைய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்தாள்; அதுவும் சேரவில்லை. நான் கத்தரிக்கோலால் அதன் வாரை வெட்டி, தறிக் கழிவுத் துணியைக் கிழித்துக் காலோடு சேர்த்துக் கட்டினேன். கொடுத்த மருந்து எதுவும் பலன் தரவில்லை, இனி உடம்பு தாங்கும் வரைதான் என்று முந்தின நாள் மருத்துவர் சொன்னது அப்பாவுக்கும் எனக்கும் தெரியும்.

கேட்டைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, "ஏனுங்க, ஒடம்புக்கு முடியாம எங்கீங்க கெளம்பீட்டீங்க?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "இங்கதானுங்க, பக்கத்துல" என்றார்.

வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.