மூலை வெட்டாத படம்

இருட்டறையில் கழுவி எடுத்துவந்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியின்மேல் வைத்தாள் சொலான்ஜ். வலது ஓரத்தில் கறுத்த பட்டை. மறு ஓரம் வெறுமை. கை தானாக மேல்மூலையைத் தேடியது. மூலை முழுசாக இருந்தது.

ஸ்ட்ராஸ்பூர் ஆய்வகத்தில் சேரும் எல்லோருக்கும் அவள் முதலில் சொல்லித்தருவதே அதைத்தான். கதிரியக்கக் குறி ஏற்றிய புரதங்களைப் பிரித்துவைத்த ஜெல் என்னும் கூழ்த்தகட்டின்மேல் படத்தை வைத்ததும், இருட்டிலேயே அதன் வலது மேல்மூலையைக் கத்தரிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் எது, வலம் எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

"யாரு, நீங்களா மறந்தீங்க?" உடன் வேலைசெய்யும் எத்தியேன் எட்டிப் பார்த்தான். "என் முதல் படத்தைக் குப்பையில போட்டீங்களே! நாளைக்கு எல்லாருக்கும் குரோசான் ரொட்டி உங்க செலவு, மதாம்."

அவள் சிரிக்கவில்லை. ஜெல்லின் வலது ஓரத்தில் இருந்தவை அவளுடைய செல்கள். நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்தவை. அவை அவளுடையவை என்று எத்தியேனுக்குத் தெரியாது. இடது ஓரத்தில் கொல்மார் ஊர்ப் பெண் ஒருத்தியுடையவை. இருவருக்கும் மார்பில் தொடங்கிய புற்று. இருவருக்கும் ஒரே மாத்திரை.

செல்லுக்குள் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் ஹார்மோன் வந்து உட்கார்ந்தால், அது ஓர் உதவிப் புரதத்தைச் சேர்த்துக்கொண்டு புற்றை வளர்க்கும் மரபணுக்களை எழுப்பிவிடும். அந்த இடத்தை மாத்திரை பிடித்துக்கொண்டால் வந்து சேர்வது தடைப் புரதம். மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும். சிலருக்கு நாளடைவில், மாத்திரை இருக்கும்போதே உதவிப் புரதம் ஒட்டத் தொடங்குகிறது. கறுத்த பட்டைக்கு அதுதான் பொருள். மாத்திரையே புற்றுக்குத் தீனி.

"படத்தைத் திருப்பி வச்சிருப்பேனோ?"

"அப்படின்னா கறுப்பு கொல்மார் அம்மாவோடது. ரெண்டுல ஒண்ணு. அதுக்கு ஏன் இப்படி வெளுத்துப்போறீங்க?"

திருப்பித்தான் வைத்திருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. முகம் தெரியாத ஒருத்தியின் தலையில் இதைக் கட்டப் பார்க்கிறோம் என்று உறைத்ததும், படத்தைக் கவிழ்த்துப் போட்டாள்.

ஜெல் காய்ந்து பத்திரமாக இருந்தது. புதுப் படம் வைத்து மூலையை வெட்டினாள். வெட்டிய இடத்தை விரலால் தடவினாள். கதவுவரை போய்த் திரும்பிவந்து மறுபடி தடவினாள்.

மறுநாள் படத்தைக் கழுவி எடுத்துவந்தவன் எத்தியேன். "மூலை வெட்டியிருக்கு. கறுப்பு வலப்பக்கம். வலப்பக்கம் யாரு?"

"நான்."

அவன் படத்தை மெல்ல மேசைமேல் வைத்தான்.

"கொல்மார் டாக்டருக்கு ஃபோன் போடு. அந்த அம்மாவுக்கு மாத்திரை இன்னும் வேலை செய்யுது, நிறுத்த வேண்டாம்னு சொல்லு. பாவம், காத்துட்டிருப்பாங்க."

மதியம் வழக்கம்போல ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் ஊற்றவில்லை. தன் டாக்டரை அழைக்க, மற்றக் கையால் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.