கடிதத்தில் இல்லாத பெயர்

வெளிநாட்டிலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது நாங்கள் பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் இருந்தோம். ஈழத்திலிருந்து படகில் வந்தபோது எனக்கு இரண்டு வயது. தம்பி முகாமில் பிறந்தவன். வெளிநாட்டில் இருந்த பெரியப்பா எங்கள் நால்வரையும் தன்னிடம் அழைக்க விண்ணப்பித்து ஏழு வருடமாகியிருந்தது.

வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான்தான். வாசலில் நின்றபடியே வாசித்தேன். அப்பா, அம்மா, தம்பி மூவரும் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு வரவேண்டும். பிள்ளைகளுக்கான வயது வரம்பைத் தாண்டிவிட்டதால் என் பெயர் நீக்கப்பட்டிருக்கிறது.

"எல்லாருக்கும் வந்திட்டுது அப்பா" என்றேன்.

அப்பா பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவர். தம்பிக்கும் அடுத்த வருடம் அந்த வயது வந்துவிடும். அவர்கள் போய்விட வேண்டும் என்பதுதான் அப்போது மண்டைக்குள் ஓடியது.

மறுநாள் கடிதத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். இரண்டு முறை படித்தார்.

"நீங்க தனியா விண்ணப்பம் போடலாங் கண்ணு. எப்பக் கூப்புடுவாங்கன்னு சொல்ல முடியாதுங்க."

"எனக்கோசரம் அவங்களும் நின்னுபோட்டாங்கன்னா?" என்று கேட்டேன். வீட்டுக்கு வெளியே எனக்கு இந்த ஊர்ப் பேச்சுதான் வரும்.

"அப்பறம் தம்பி பேரும் போயிருமுங்க."

நான் திரும்பி வந்தபோது அம்மா கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் என் பள்ளிச் சான்றிதழ்களைப் பார்த்துப் பார்த்து என் பெயரின் எழுத்துகள் பழகியிருந்தன.

"இதில உன்ர பேர் எங்க பிள்ளை?"

சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா, "அப்ப ஒருத்தரும் போகவேண்டாம்" என்றார். தம்பி வெளியே போய்விட்டான்.

ஒரு வாரம் யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. கடைசியில் அம்மாதான் அப்பாவிடம் சொன்னாள்.

"நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இவளோட நிக்கிறன்."

நீயும் போ அம்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே பொய் சொன்னேன். ஆனால் வாய் வரவில்லை. எனக்குள் வந்தது நிம்மதிதான். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

அப்பாவும் தம்பியும் போய் மூன்று வருடமாகிறது. என் தனி விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரிப் பதில் மட்டும் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீடியோவில் வருவார். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அம்மா மாத்திரை போட்டாளா என்று கேட்பார். போட்டாள் என்பேன். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நிற்பேன்.