இரத்தோட்டையில் ஒரு கடிபட்ட ஐந்து ரூபாய்

ஞாயிறு காலை 6.40. அக்குறணையில் மாத்தளை பஸ் ஏறினேன். பதினைந்து கிலோமீற்றருக்கு எண்பது ரூபாய். சட்டைப் பையில் கடிகாரம் திருத்துகிறவர்கள் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி. கடிகாரம்தான் என் பிழைப்பு, அதே கண்ணாடியால் காசுகளையும் பார்க்கப் பழகி, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "இது அச்சுப் பிழையா, அடிபட்ட காசா?" என்று யார் கேட்டாலும் தீர்ப்புச் சொல்லும் ஆளாகிவிட்டேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்தப் பயணமே ஒரு தீர்ப்பால் வந்தது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வராணி, ஓரத்தில் பிறை போலக் குறைந்த ஐந்து ரூபாய்க் காசைப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது, முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுக்கருவி விழுந்தால் இப்படிக் குறையும். அது அசல் பிழை. சேகரிப்பவர்கள் தேடி அலைவது. அரத்தால் ராவியும் அப்படி ஆக்கலாம். படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுதினேன்: "நாணயம் சரியில்லை. பிறகு வெட்டியது." மறுநாள் அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுங்க." அந்தக் குரலில் இருந்த சூடு ஒரு காசுக்கு மிஞ்சியதாகப் பட்டது. கிளம்பிவிட்டேன்.

7.35க்கு மாத்தளை. ப்ளேன்ரி என்னும் பால் விடாத தேநீர் ஒன்று குடித்துவிட்டு இரத்தோட்டை பஸ். பன்னிரண்டு கிலோமீற்றர், எழுபது ரூபாய். எனக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை கராம்பு உட்கார்ந்து வந்தது. அதன் சொந்தக்காரர் நின்றுகொண்டு வந்தார். இரத்தோட்டையில் த்ரீவீல்காரர் நான்கு கிலோமீற்றருக்கு அறுநூறு கேட்டார். பேரம் பேசவில்லை.

"செல்வராணி அக்கா வீட்டுக்கா?" என்றார் அவர். "பெரட்டுல நாணயம் கெட்டவங்கன்னு வாசிச்சாங்களே, அவங்கதானே?"

பெரட்டு என்பது காலையில் எல்லாரும் கூடிப் பேர் கொடுக்கும் களம். "என்ன வாசிச்சாங்க?" என்றேன்.

"யாரோ பெரிய ஆளு எழுதினாராம், நாணயம் சரியில்லைன்னு. கங்காணி அக்காவோட ஃபோன வாங்கிச் சத்தமா வாசிச்சுப்புட்டாரு. இப்ப அக்கா கொழுந்துக்குள்ள கல்லப் போட்டு நிறுக்கிறாங்களோன்னு பேசுறாங்க."

குழுவில் நாங்கள் காசை நாணயம் என்றுதான் எழுதுவோம். எழுத்துக்கு ஒரு மதிப்பு வேண்டாமா! தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் காசு காசுதான். நாணயம் என்றால் அங்கே மனிதரின் நேர்மை மட்டும். நான் அவசரத்தில் தட்டிய இரண்டு சொல்லில் ஒரு பெண்ணின் பெயர் கெட்டிருந்தது. வெட்கமாக இருந்தது.

9.20. செல்வராணிக்கு நாற்பது வயதிருக்கும். முதலில் தேத்தண்ணி வந்தது. பிறகுதான் தீப்பெட்டிக்குள்ளிருந்து காசு.

"தங்கச்சி, நான் எழுதினது காசப் பத்தித்தான். ஒங்களப் பத்தியில்ல."

முஸ்லிம் ஆண்களை அங்கே அண்ணன் முறையில் நானா என்பார்கள். "அத என்கிட்டச் சொல்லி என்ன செய்ய, நானா? மொதல்ல காசப் பாருங்க. பாத்துட்டு என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

கண்ணாடியை மாட்டினேன். இந்த ஐந்து ரூபாய் உள்ளே இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு. ராவியிருந்தால் இரும்பு வெளியே வந்து துருப்பிடித்திருக்கும். பிறையின் உள்விளிம்பிலும் அதே பொன்னிறம் இருந்தது. காசைத் திருப்பி, குறைக்கு நேர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். வில்லை முன்பே குறைந்திருந்தால் எதிர்விளிம்பு சரியாக மேலெழாமல் மங்கிப்போகும். எந்த அரத்தாலும் அதைச் செய்ய முடியாது. அங்கே விளிம்பு மங்கித்தான் கிடந்தது.

"அச்சுப் பிழைதான், தங்கச்சி. அசல். நான்தான் பிழையாச் சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

லயத்துக்குப் பின்னால் இருந்த தேயிலைச் செடியில் இரண்டு இலை பறித்து வந்தார். இரண்டிலும் ஓரம் குறைந்திருந்தது. "இது கொழுந்தா இருக்கையிலேயே பூச்சி கடிச்சது. ஓரம் ஆறி, எலையோட சேந்து வளந்திருக்கு. இது இப்ப நான் கிழிச்சது, ஓரம் பச்சையா இருக்கு பாருங்க. இந்தக் காசும் பொறக்க முந்தியே கடிபட்டது நானா. தடவினாலே தெரியுதே."

ஒப்பிட்டுப் பார்க்க நான் கொண்டுபோயிருந்த ராவிய காசைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தில் விரலை ஓட்டினார். "இது கிழிஞ்சது" என்று உடனே திருப்பித் தந்தார். என் இத்தனை வருடக் கண்ணாடியை அந்த விரல் தோற்கடித்தது. சொன்னால் நம்புங்கள், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து குழுவில் எழுதினேன். இம்முறை ஒவ்வொரு சொல்லையும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன்: "காசு அசல் அச்சுப் பிழை. பிழையாகத் தீர்ப்புச் சொன்னது நான். செல்வராணியின் நாணயம் சுத்தம்." நிமிடத்துக்குள் இரண்டு பேர் விலை கேட்டார்கள்.

"விக்கிறதுக்கில்லன்னு போடுங்க" என்றார் செல்வராணி. "நாளைக்குப் பெரட்டுக்கு அது வேணும்."

1.15 பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் ஊரில் இலையை யார் இப்படிப் பார்க்கிறார்கள்? நானும் தினமும் தேத்தண்ணி குடிக்கிறவன்தான். கடையில் 'சேதம்' என்று எழுதி மூடிய என் தகர டப்பாவை வந்ததும் திறந்தேன். ஒவ்வொரு காசாக, கண்ணாடி இல்லாமல், ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

திங்கள் காலை ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் பெரட்டுக் களத்தின் இரைச்சல். அதற்கு மேலாகச் செல்வராணி நான் எழுதியதை வாசித்து முடிக்கிறார். பிறகு ஓர் ஆண்குரல், கங்காணியாகத்தான் இருக்கவேண்டும்: "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொருக்கா வாசிங்க."

செல்வராணி இன்னும் சத்தமாக, முதலிலிருந்து வாசித்தார்.