சாசிபின் இரண்டு விதவைகள்

சாசிப் இறந்தபோது ஒரு நாணல் குடிசையையும், ஒரு படகையும், சில எருமைகளையும், ஒருத்தியை ஒருத்தி கண்டால் ஆகாத இரண்டு மனைவிகளையும் விட்டுப்போனான். மூத்தவள் நஷ்மிய்யா, பிள்ளை இல்லாதவள். தெற்கு இராக்கின் அந்தச் சதுப்பு நிலத்தில் பெற்றவளை மகன் பேர் சொல்லி இன்னாரின் தாய் என்பார்கள். பெறாதவளை ‘உம் காயிப்’, வராதவனின் தாய், என்பார்கள். மரியாதைக்குத்தான் அப்படிச் சொல்வது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். இளையவள் துர்ஃபா வந்த மறு வருடமே ரைசானைப் பெற்று, அந்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

புருஷன் போன பிறகும் இருவரும் பிரியவில்லை. நஷ்மிய்யா கறப்பாள், துர்ஃபா பாலைக் காய்ச்சி, கெட்டிப் பாலாடை எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோவாள். விடிந்தால் சண்டை, அடைந்தால் சண்டை. ரைசான் வளர்ந்து பஸ்ராவுக்கு வேலைக்குப் போனதற்கு இவர்களின் வாய்தான் காரணம் என்று ஊரே சொன்னது.

அந்தக் கோடையில் ஆற்றுத் தண்ணீர் வருவது நின்று, கடலுப்பு மேலேறியது. நாணல் பழுத்துச் சாய்ந்தது. குடித்த தண்ணீரே எருமைகளைக் கொன்றது. முதலில் கண் மங்கும், பிறகு கால் மடங்கும், அவ்வளவுதான். பக்கத்துக் குடிசைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

துர்ஃபாவின் கால்கள் பானைபோல வீங்கியபோது ரைசான் வண்டியோடு வந்தான்.

“பெரியம்மா, எனக்கு இருக்கறது ஒரே ரூம். அம்மாவ மட்டும் கூட்டிட்டுப் போறேன். தப்பா நெனைக்காதீங்க.”

“கூட்டிட்டுப் போ. எனக்கும் காது கொஞ்சம் ஓயட்டும்,” என்றாள் நஷ்மிய்யா.

துர்ஃபா திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

அதற்குப் பிறகுதான் மாட்டு வியாபாரி மிஸ்ஹர் வந்தான். படுத்துவிட்ட எருமையைச் சுற்றி வந்து பார்த்தான்.

“உம் காயிப், இது நாளைக்குத் தாங்காது. இப்பவே குடுத்துடு. அறுத்துத் தூரத்து ஊர்ல வித்துடலாம். மத்ததுக்குத் தீனி வாங்கிப் போடு.”

“சீக்கு மாட்ட சனங்க தின்றதா?”

“யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“அப்ப உன் நேர்மையையே ஆக்கித் தின்னு,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த எருமை மறுநாள் செத்தது. அடுத்தடுத்து மற்றவையும் செத்தன. இரண்டுதான் மிஞ்சின. ஒரு காலையில் நஷ்மிய்யாவால் பாயை விட்டு எழ முடியவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எழுந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. தான் செத்தால் நாற்றம் வந்த பிறகுதான் ஆள் வரும், அந்த ஆளும் இப்போது இங்கே இல்லை என்று நினைத்தாள். “அடுப்பு பத்த வெச்சியாடி?” என்று வாய் தானாகக் கேட்டது. பதில் சொல்ல யாருமில்லை. கணவன் செத்தபோதுகூட அழாத அழுகையை அன்று அழுதாள். பிறகு ஒருவழியாக எழுந்துபோய், அவையாவது எங்காவது பிழைக்கட்டும் என்று எருமைகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, திரும்ப வந்து படுத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியபோது வெளியே ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு துர்ஃபா இறங்கினாள்.

“செத்துட்டியா, இருக்கியான்னு பாக்க வந்தேன்.”

“ஏன், அங்க சோறு போடலையா?”

“போடறாங்க. மருமக நல்லவதான், அம்மா அம்மான்னு தாங்குறா. மூச்சு முட்டுது எனக்கு. ஒருத்திகூட என்னைப் பாத்து வாய மூடுடின்னு சொல்லல.” பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். “மாட்ட எங்கடி விட்ட?”

நஷ்மிய்யா எழுந்து ஓடினாள். காய்ந்த நாணலுக்குள் நின்றிருந்த இரண்டையும் பிடித்து வந்து நல்ல தண்ணீர் காட்டினாள். சாசிப் கல்யாணத்துக்குப் போட்ட தங்க வளையங்கள் துர்ஃபாவின் காதில் இல்லை. இத்தனை வருடமும் நஷ்மிய்யாவின் கண்ணை உறுத்திய வளையங்கள் அவை. லாரித் தண்ணீர் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை.

அந்தத் தண்ணீர் தீர்ந்ததும், இரண்டு எருமைகளையும் ஓட்டிக்கொண்டுபோய், வடக்கே ஒரு நகரத்தின் ஓரத்தில், கால்வாய்க் கரையில் கூடாரம் போட்டார்கள். குளிர் தொடங்கியபோது துர்ஃபாவுக்குச் சிறுநீரகம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தான்.

“சொந்தக்காரங்க மட்டுந்தான் உள்ள போலாம். நீங்க யாரு?”

“அவ புருஷனோட மூத்த பெண்டாட்டி.”

அவன் சிரித்துவிட்டான். “சண்டை போட வந்தீங்களா?”

“ஆமா. வழி விடு.”

துர்ஃபாவுக்குப் பேச்சு மெல்லத்தான் வந்தது. “நீ சொன்னியே, அந்தச் சீக்கு மாட்ட மிஸ்ஹர்கிட்ட குடுத்திருந்தா இன்னும் நாலஞ்சு மாட்டக் காப்பாத்தியிருக்கலாம்.”

“காப்பாத்தியிருக்கலாம்.”

“அப்புறம் ஏன் குடுக்கல?”

நஷ்மிய்யா போர்வையை இழுத்துவிட்டாள். “சந்தையில நம்ம பாலாடைய யாரும் மோந்துகூடப் பாக்காம வாங்குவாங்கன்னு வந்து சொல்லுவியே. வீட்டுக்குள்ள நுழையறப்பவே சொல்லுவ. எனக்குன்னு இருந்தது அந்த நல்ல பேரு ஒண்ணுதான்.”

“இத நீ என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.”

“சொன்னா உனக்குத் தலைக்கனம் ஏறும்.”

துர்ஃபா இரண்டு நாளில் இறந்தாள். பெண்கள் நீராட்ட வந்தார்கள். நஷ்மிய்யா யாரையும் தொடவிடாமல், வீங்கிய அந்தக் கால்களைத் தானே கழுவினாள். புனித நகரமான நஜஃபில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது ரைசான் கூடாரத்துக்கு வந்தான்.

“பெரியம்மா, எங்கூட வந்துடுங்க. இடம் பாத்துக்கலாம்.”

“இதுங்கள?” என்று எருமைகளைக் காட்டினாள்.

ரைசான் அன்று அங்கேயே தங்கினான். விடிந்ததும் அவள் கறக்க உட்கார்ந்தபோது எருமையைப் பிடித்துக்கொள்ளப் போனான். பிடிக்கத் தெரியவில்லை. எருமை உதறியதில் பால் பாதி மண்ணில் கொட்டியது.

“கையில என்ன எலும்பே இல்லையாடி ஒனக்கு?” என்று கத்தினாள் நஷ்மிய்யா. தன் வாயில் வந்த ‘டி’ தன் காதிலேயே விழுந்ததும், எருமையின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதாள். ரைசான் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.