கதவுக்கு வெளியே கேட்ட குரல்

பிளேக் வந்த வருஷம் நாங்கள் ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். காய்ச்சல் என்று தெரிந்தால் சோதனைக்காரர்கள் ஆளை முகாமுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. என் மகள் செசிலிக்குக் காய்ச்சல் கண்டதும் அவளை விறகு அடுக்குக்குப் பின்னால் படுக்கவைத்துக் கதவைத் தாழிட்டேன். சொந்தக்காரர் போலக் கூப்பிட்டுத்தான் கதவைத் திறக்க வைக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு.

மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யம்மா, தொறம்மா." கட்டையான ஆம்பளைக் குரல்.

"யாருய்யா?"

"நான்தாம்மா, சின்னப்பன்."

சின்னப்பன் என் மகன். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்யும் என் தம்பியிடம் அதற்கு முந்தின வருஷம் அனுப்பியிருந்தேன். போகும்போது அவனுக்குப் பூசையில் பாடுகிற மெல்லிய குரல். இது அவன் இல்லை. பேரை அக்கம்பக்கத்தில் கேட்டிருப்பார்கள். உலக்கையை எடுத்தேன்.

"எம் பையன் கொரல் எனக்குத் தெரியாதா? போய்யா!"

"செசிலிக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா? யம்மா!"

பதறிக் கத்தியதில் அந்தக் கட்டைக் குரல் நடுவில் உடைந்தது. கடைசி "யம்மா" மட்டும் பழைய குரலில் கீச்சென்று வந்தது.

தாழை எடுத்தேன். என்னைவிட உயரமாக நின்றான்.

"ஒலக்கையோடயா வரவேற்பு?" என்றான், மறுபடி கட்டையாக.

செசிலிக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல். பிழைத்துக்கொண்டாள். சில மாதத்தில் சின்னப்பன் குரல் ஒரே கட்டையாக நின்றுவிட்டது. அந்தக் கீச்சு அப்புறம் வரவே இல்லை. அவன் அன்றைக்கு வராமல் அதற்குப் பிறகு வந்து கூப்பிட்டிருந்தால் நான் திறந்திருக்க மாட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பயம்தான்.