அச்சு மங்கலான வாரம்

அந்தக் காமிக்ஸின் அட்டையில் பறந்துகொண்டிருந்த வீரனின் சிவப்பு உடுப்பின்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒரகடத்தில் வண்டிகளுக்குப் பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில், கழித்துப்போடும் உருப்படிக்கு நாங்கள் ஒட்டுகிற அதே ஸ்டிக்கர். ஒட்டியவர் என்னோடு வேலை பார்த்த இன்ஸ்பெக்‌ஷன் அக்கா, சேரப்பணஞ்சேரிக்காரர். லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, விரிசல் இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை ஒட்டுவது அவர் வேலை. அடுத்து நின்று பச்சைகளைப் பெட்டியில் அடுக்குவது என் வேலை.

சனிக்கிழமை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் கடையில் அந்த வாரத்துச் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் அத்தனையும் வாங்கிவிடுவார். திங்கட்கிழமை கேன்டீனில் தீர்ப்பு. ஒரு பாகத்துக்குக் கொடுக்கிற நேரம்தான் ஒரு புத்தகத்துக்கும். "டிரஸ்ஸு ஜோரு, கதை பேஜாரு. ரிஜெக்ட்." "இவனுக்குப் பறக்கத் தெரியுது, வூட்டுக்குப் போவத் தெரியல. ஆனா அழ வெச்சிட்டான், ஓகே." "வில்லன் ஒருத்தன்தான் டைமுக்கு வேலைக்கு வரான்!" சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஹாஸ்டல் அறையில் ஊமையாகக் கிடந்த எனக்கு அந்த அரைமணி நேரச் சிரிப்புதான் வாரம் முழுவதற்கும். அவர்மேல் எனக்கு உயிர்.

ஒரு திங்கட்கிழமை மூன்று புத்தகத்துக்கும் சிவப்பு. "அச்சு சரியில்ல. மூஞ்சியெல்லாம் கலங்கலா கீது" என்றார். வாங்கிப் பார்த்தேன். வீரனின் இமைமுடியை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. கிண்டல் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் அதே பேச்சு. மூன்றாவது வாரம், அவர் கழித்துப்போட்ட அந்தச் சிவப்பு உடுப்புக்காரனையே நீட்டி, "புதுசுக்கா" என்றேன். மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். "ஆளு புச்சா கீறான், பரவால்ல" என்று பச்சையை எடுத்து ஒட்டினார், தான் முன்பு ஒட்டிய சிவப்பின்மேலேயே. எல்லோரும் சிரித்தார்கள். நான் புத்தகத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

தனியாகக் கேட்டேன். "சக்கரை கண்ணுக்கு ஏறிடுச்சாம்மே. கண்ணாடிக்கும் அடங்காதாம். தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்க. ரெண்டு பொண்ணுங்க படிக்குது."

"அப்ப பாகத்தை எப்படிக்கா பாக்கீங்க?"

"கை பாக்குது."

அந்த வாரமே கம்பெனியில் கண் சோதனை. சுவரில் மாட்டும் எழுத்து அட்டை எந்த வருஷமும் மாறாது. முன்னால் போகிறவர் கடைசி வரியைப் பின்னால் வருகிறவர் காதில் ஓதிவிடுவது எங்கள் வழக்கம், ஒரு விளையாட்டாகத்தான். அன்று அக்கா எனக்குப் பின்னால் நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். பாஸ் ஆகிவிட்டார். "தெய்வம்மே நீ" என்றார்.

மறுநாள் என் கைக்கு வந்த ஒரு பாகத்தில், பச்சை ஸ்டிக்கருக்கு அடியிலிருந்து முடியளவு விரிசல் ஓடியது. விரலால் தடவிப் பார்த்தேன், தட்டுப்படவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒதுக்கினேன். அன்றிலிருந்து அடுக்குமுன் நானும் பார்த்தேன். ஆனால் லைன் எனக்காக நிற்காது. அதற்கு முந்தைய வாரங்களின் பெட்டிகள் லாரி ஏறிப் போயே போய்விட்டன. சூப்பர்வைசரிடம் சொல்ல இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். சில மாதத்தில் அக்கா தானாகவே நின்றுவிட்டார். எனக்கு வந்தது நிம்மதிதான். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இப்போது நான் மணிமங்கலத்தில் இருக்கிறேன், வேறு வேலை. போன வாரம் அக்கா போன் செய்தார். "பெரியவளுக்கு வேல கெடச்சிடுச்சும்மே. வண்டி வாங்கிக் குடுத்துட்டேன், செகண்ட் ஹேண்டு. காத்தா பறக்குறா." வண்டிக் கம்பெனியின் பேரைச் சொன்னார். எங்கள் பெட்டிகள் போன கம்பெனி.

"எந்த வருஷத்து வண்டிக்கா?"

வருஷத்தைச் சொன்னவர், அடுத்த பேச்சைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். நான் அவர் காதில் எழுத்து ஓதிய அதே வருஷம். இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.